மாவுக்கட்டு போடாமல் ஏ.எஃப்.ஓ. தருகிறார்களா? வாங்காதீர்கள்

சி.பி. (பெருமூளை வாதம்) உள்ள குழந்தைக்கு "அளவெடுத்துச் செய்தது" என்று சொல்லி ரெடிமேட் ஏ.எஃப்.ஓ.வை, அதாவது கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறையை, தலையில் கட்டும் வேலை நடக்கிறது. அண்மையில் பரிசோதனைக்கு வந்த ஒரு ஜோடி ஏ.எஃப்.ஓ.வும் அப்படித்தான். பாத நீளம், கெண்டைக்கால் சுற்றளவு இரண்டையும் டேப்பில் எடுத்து, முழுப் பணமும் வாங்கிக்கொண்டு கூரியரில் அனுப்பியிருக்கிறார்கள். உள்கணுக்கால் எலும்புக்கான குழி அரை அங்குலம் மேலே தள்ளி இருந்தது. எலும்பு மேல் தோல் உரிந்து புண். குதிகால் அடியில் உட்காரவே இல்லை. கேட்டதற்கு, "போடப் போடப் பழகிடும்" என்று பதில். பழகாது. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்காது; தோல்தான் கிழியும்.

முறையான அளவு என்பது முட்டியை மடக்கி, கெண்டைச் சதையைத் தளரவிட்டு, குதிகாலை நேராக்கிப் பிடித்து, எலும்பு முனைகளை அழியாப் பென்சிலில் குறித்து, காலின் அச்சை எடுக்க மாவுக்கட்டு போடுவது. ஸ்கேன் எடுத்தாலும் காலை இப்படிப் பிடித்துத்தான் எடுக்கவேண்டும்.

அதே ஜோடியில் கூடுதல் பணம் வாங்கி கணுக்காலில் கீல் வேறு வைத்திருந்தார்கள். இதுதான் பெரிய கொடுமை. முட்டியை நீட்டிவைத்துப் பாதத்தை மேலே தள்ளினால் 90 டிகிரியைத் தாண்டாத காலுக்குக் கீல் ஆகாது. கெண்டைச் சதை நீளாததால் அந்த அசைவு முழுக்க நடுப்பாதத்தில் இறங்கி, பாதம் உள்பக்கம் சரியும். முட்டி மடங்கியே நடக்கும் பிள்ளைக்கோ, கீல் இருந்தால் முன்னங்கால் இன்னும் முன்னால் சாயும். இவர்களுக்குப் பெரும்பாலும் கீலில்லாத வகைதான் வேண்டும். கீல் வேண்டுமா என்பதை நடையைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும், விற்பவர் அல்ல.

வாங்கும்போது அங்கேயே மாட்டிப் பாருங்கள். கணுக்கால் பட்டை சாய்வாக வந்து குதிகாலைப் பின்னுக்கு இழுக்கவேண்டும். மேல் விளிம்பு முட்டிக்கு வெளிப்புறமுள்ள எலும்பு முண்டுக்கு இரண்டு விரல் கீழே நிற்கட்டும்; அங்கே நரம்பு ஓடுகிறது. எங்கே அழுத்துகிறது என்று தெரியாவிட்டால் எலும்பு முனையில் லிப்ஸ்டிக் தடவி மாட்டுங்கள், பிளாஸ்டிக்கில் கறை படியும். அரை மணி நேரம் நடக்கவிட்டுக் கழற்றுங்கள். சிவப்பு அடுத்த அரை மணிக்குள் மறையாவிட்டால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

பாதிப் பணத்தைப் பொருத்திப் பார்த்த பிறகே கொடுங்கள். செய்து தருபவரிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவெண் கேளுங்கள். முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும், சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் இதற்கான பிரிவுகள் உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் பில்லையும் புண்ணின் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். புண் ஆறும்வரை அதை மாட்டவேண்டாம்.