சிங்கப்பூரா, துபாயா? குடும்பத்தோடு போக நினைக்கும் கடலூர்க்காரருக்கு

வெளிநாட்டு வேலை என்று பேச்செடுத்தாலே எங்கள் கடலூர்ப் பக்கம் இரண்டு ஊர்தான் வாயில் வரும். புதுச்சேரியில், பிரான்ஸ் 1962இல் அதை இந்தியாவிடம் ஒப்படைத்த பிறகு பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுக்குப் பாரிஸ் என்று தனி வழி உண்டு. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு அது இல்லை. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் பல தலைமுறைகளாக வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும் போய்வருகிறார்கள். அவர்கள் போட்ட தடத்தில்தான் இப்போது மஞ்சக்குப்பத்துப் பையனும் திருப்பாதிரிப்புலியூர்ப் பையனும் போகிறார்கள். "அண்ணே, ரெண்டு ஆஃபரும் இருக்கு, எதுக்குப் போகலாம்?" என்று கேட்கிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுமானக் கம்பெனி வேலையில் முதலில் சிங்கப்பூர் போனேன், மனைவியையும் மகளையும் மஞ்சக்குப்பத்தில் விட்டுவிட்டு. பிறகு துபாய்க்கு மாறினேன், அவர்களையும் கூட்டிக்கொண்டு. என் ஓட்டு துபாய்க்கு. சிங்கப்பூரில் நான் இருந்தது குறைந்த காலம், அதுவும் தனி ஆளாக. அதனால் அந்த ஊரைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

எல்லாருக்கும் தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். சென்னையிலிருந்து இரண்டும் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பறத்தல்தான். திருச்சியிலிருந்தும் இரண்டுக்கும் நேரடி விமானம் உண்டு. துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. சிங்கப்பூரில் உண்டு, ஆனால் நடுத்தரச் சம்பளத்துக்கு வலிக்கிற அளவு இல்லை. வேலையை விட்டு வரும்போது துபாயில் கிராஜுவிட்டி கிடைக்கும்: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். நம்மூர் பிஎஃப் போன்ற சிங்கப்பூரின் சிபிஎஃப் சேமிப்பு அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். பாஸில், அதாவது வேலை அனுமதியில், போகிற நமக்கு இல்லை.

இறங்கிய முதல் நாளில் மனதைப் பறிப்பது சிங்கப்பூர்தான், அதில் சந்தேகமே இல்லை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. எச்சரிக்கைப் பலகையில் தமிழ், தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி, 1935 முதல் வந்துகொண்டிருக்கும் தமிழ் முரசு, தீபாவளிக்கு அரசு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் நடந்தால் வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும். தேக்கா சந்தையில் வஞ்சிரமும் இறாலும் பார்த்தபோது கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தட்பவெப்பமும் நமக்குப் பழகியதுதான், வருஷம் முழுக்க ஐப்பசி.

துபாயின் முதல் பார்வை அப்படி இல்லை. விமான நிலையக் கதவைத் தாண்டியதும் ஜூலை மாத அனல் முகத்தில் அறையும். தமிழை விட மலையாளமும் இந்தியும்தான் காதில் விழும். கோடையில் வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30லிருந்து 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்பது சட்டமே. அந்த ஊர் வெயிலைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும். தீபாவளிக்கு அரசு விடுமுறை கிடையாது. பர் துபாயின் பழைய கோயிலில் முன்பெல்லாம் நெரிசல் தாங்காது. 2022இல் ஜெபல் அலியில் பெரிய கோயில் திறந்த பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம்.

இவ்வளவும் சிங்கப்பூர் பக்கம் இருந்தும் நான் ஏன் துபாய் என்கிறேன்? குடும்பத்துக்காக. மனைவி பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள முடியுமா என்கிற ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிடும்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில், அதாவது அடிமட்டத் தொழிலாளர் அனுமதியில், போகிறவர் குடும்பத்தைக் கூட்டி வைத்துக்கொள்ள முடியாது. அடுத்த படி நடுத்தரத் திறனாளருக்கான எஸ் பாஸ், அதற்கும் மேலே நிபுணர், மேலாளர் நிலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ். இந்த இரண்டிலும் மனைவி பிள்ளைகள் கூடத் தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸ் வாங்க, நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். நம் பணத்தில் நான்கு லட்சத்தை ஒட்டி வரும். டிப்ளமோ முடித்துச் சில ஆண்டு அனுபவத்தோடு போகிறவருக்கு ஆரம்பத்தில் அந்தச் சம்பளம் கைக்கு எட்டாது. எனக்கும் எட்டவில்லை.

துபாயில் சட்டம் கேட்பது மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி கொடுக்கும் தங்குமிடமும். நம் பணத்தில் ஒரு லட்சத்தை ஒட்டி. ஒரே ஆளுக்கு, ஒரே படிப்புக்கு, ஓர் ஊரில் குடும்பம் கூட இருக்கும், இன்னோர் ஊரில் வீடியோ காலில் இருக்கும். வித்தியாசம் அவ்வளவு பெரியது.

அதற்காக 4,000 திர்ஹமில் குடும்பம் நடத்திவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது விசாவுக்கான தொகை, வாழ்வதற்கான தொகை அல்ல. துபாயின் கராமா பகுதியில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகையே அதை முழுசாகத் தின்றுவிடும். அதனால்தான் பலர் பக்கத்து ஊரான ஷார்ஜாவில் வீடு எடுத்து, காலையும் மாலையும் போக்குவரத்து நெரிசலில் கிடந்து வந்துபோகிறார்கள்.

வாடகை கொடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. துபாயில் ஆண்டு வாடகையை இரண்டாகவோ நான்காகவோ பிரித்து, பின்தேதியிட்ட செக்குகளாக முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். அதோடு முன்பணம் 5 சதவீதம், தரகருக்கு வழக்கமாக 5 சதவீதம், மின்சாரமும் தண்ணீரும் தரும் தேவாவுக்கு டெபாசிட் 2,000 திர்ஹம். ஒப்பந்தத்தை ஈஜாரி என்கிற அரசு வாடகைப் பதிவேட்டில் பதிந்தால்தான் குடும்ப விசாவுக்கே மனுப் போட முடியும். தரகர் அலுவலக மேஜையில் உட்கார்ந்து, அடுத்த ஆண்டு வரைக்கும் தேதி போட்ட நான்கு செக்குகளை வரிசையாகக் கிழித்துக் கொடுத்தபோது எனக்கு வயிறு கலங்கியது. சிங்கப்பூரில் இது சுலபம், மாதா மாதம் கொடுத்தால் போதும். ஓராண்டு ஒப்பந்தம் என்றால் முன்பணம் பொதுவாக ஒரு மாத வாடகைதான்.

ஆனால் சிங்கப்பூரில் என்னைப் போன்றவர் சம்பளத்துக்குக் கிடைப்பது வீடு இல்லை, அறை. அறை விளம்பரத்திலேயே சமைக்கலாமா கூடாதா என்று போட்டிருப்பார்கள். நான் இருந்த வீட்டுக்கார அம்மா நல்லவர்தான், ஆனால் "லைட் குக்கிங் ஓகே, ஃபிஷ் நோ" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். லைட் குக்கிங் என்றால் நூடுல்ஸ், முட்டை, சாதம். அம்மா கட்டிக் கொடுத்த நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்லை. கராமாவில் என் மனைவி வந்த வாரமே கறிவேப்பிலை கிடைக்கும் கடையைக் கண்டுபிடித்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தி மீன் குழம்பு வைத்தார். பக்கத்து வீட்டு மலையாளி அக்கா சண்டைக்கு வரவில்லை, கிண்ணத்தோடு வந்தார்.

நேர வித்தியாசத்தில் சிங்கப்பூர் நல்லதாகத் தெரியும். அங்கே இரவு 9 மணிக்கு ஊரில் மாலை 6:30, பிள்ளை விழித்திருக்கும், பேசலாம். துபாயில் 9 மணி என்றால் ஊரில் 10:30, தூங்கியிருக்கும். பேச வேண்டிய பிள்ளை பக்கத்து அறையில் இருக்கும்போது இந்தக் கணக்குக்கே வேலை இல்லை.

துபாய்க்கு எதிராகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. குடும்பத்தின் விசா முழுக்க உங்கள் வேலையின் மேல் நிற்கிறது. வேலை போனால் குறிப்பிட்ட அவகாசத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லாவிட்டால் பள்ளி ஆண்டின் நடுவிலேயே பிள்ளையின் படிப்போடு ஊர் திரும்ப வேண்டும். சிபிஎஸ்இ பள்ளிகள் நிறைய உண்டு, கட்டணம்தான் கடிக்கும். வயதான பெற்றோரைக் கூட வைத்துக்கொள்வது இரண்டு ஊரிலும் கஷ்டம். சிங்கப்பூரில் அதற்கு 12,000 வெள்ளி சம்பளம் வேண்டும், துபாயிலும் வரம்பு மிக உயரம். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்த மழையில் துபாய் சாலைகள் ஏரிகளானபோது, 2011இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ புயலைப் பார்த்த எனக்கே அந்த ஊரின் வடிகால் மேல் நம்பிக்கை போனது.

கல்யாணம் ஆகாதவருக்கு, அல்லது தொடக்கத்திலேயே 6,000 வெள்ளிக்கு மேல் ஆஃபர் வந்தவருக்கு, சிங்கப்பூர்தான் நல்லது என்று தயங்காமல் சொல்வேன். பேருந்து, ரயில், பாதுகாப்பு, தமிழ் எல்லாமே அங்கே ஒரு படி மேல்.

துபாய் என்று முடிவெடுத்தவர் கிளம்பும் முன்பே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கோயிலில் கல்யாணம் செய்து பதிவு செய்யாமல் விட்டிருந்தால், முதலில் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து சான்றிதழ் வாங்குங்கள். அந்தச் சான்றிதழுக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் மாநில அரசு, மத்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை வேண்டும், அங்கே போனபின் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும். பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் தகப்பனார் பெயரும் சான்றிதழில் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னும் இன்னோர் இடத்தில் பின்னும் இருந்தால்கூடத் திருப்பி அனுப்பக்கூடும். அதைத் திருத்த ஊரில் ஆள் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.