பெங்களூரில் மல்டிமீடியா படிப்பு: காசுக்கு எது தகும்?

பி.யூ.சி. (பிளஸ் டூ) முடித்த பிள்ளை அனிமேஷன், கேம், மோஷன் கிராபிக்ஸ் என்று பேச ஆரம்பித்தால், அல்சூரானாலும் ஓசூரானாலும் வீட்டில் முதலில் கேட்பது ஃபீஸ். அதோடு லேப்டாப்பையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ரெண்டர் (செய்த காட்சியை இறுதிப் படமாக்குவது) தாங்கும் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் இந்தப் படிப்பு ஓடாது. மென்பொருளுக்குப் பயப்பட வேண்டாம்: 3டி அனிமேஷனுக்கான ப்ளெண்டர் எல்லோருக்கும் இலவசம், அதே வேலைக்கான மாயா மாணவர்களுக்கு இலவசம்.

ஊரில் அதிகம் அடிபடும் கல்லூரிப் பெயர்கள் இரண்டு: எலகங்காவில் சிருஷ்டி மணிபால், குமாரகிருபா சாலையில் சித்ரகலா பரிஷத்.

சிருஷ்டி 1996-இல் தொடங்கியது, இப்போது மணிபால் பல்கலையின் அங்கம். ஸ்டூடியோ, ப்ராஜெக்ட் என்றே வகுப்புகள் நடக்கும். கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம். கையில் பணம் இருக்கிற வீட்டுக்கு நல்ல இடம்தான். கல்விக் கடன் வாங்கியா? நான் வேண்டாம் என்பேன். வி.எஃப்.எக்ஸில் (சினிமாவுக்கான கம்ப்யூட்டர் காட்சி வேலை) பலருக்கு முதல் வேலை ரோட்டோவும் பெயிண்டும்தான்: ஃப்ரேம் ஃப்ரேமாக உருவங்களைப் பிரித்தெடுப்பது, வேண்டாததை அழிப்பது. அந்தச் சம்பளத்தில் தவணை கட்டி, வாடகையும் கொடுப்பது பெரும்பாடு. 2025 பிப்ரவரியில் வி.எஃப்.எக்ஸ் நிறுவனமான டெக்னிகலர் இந்தியா மூடப்பட்டபோது, அனுபவம் உள்ளவர்களே ஆயிரக்கணக்கில் திடீரென வேலை தேட வேண்டி வந்தது.

பரிஷத்தின் நுண்கலைக் கல்லூரியில் நான்கு ஆண்டு பி.வி.ஏ. (காட்சிக்கலை இளங்கலை) உண்டு. அதன் கட்டணம் சிருஷ்டியின் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் கம்ப்யூட்டரையே எதிர்பார்த்துப் போகிறவர் சலித்துப்போவார்: பென்சில், களிமண், ஆளை உட்கார வைத்து வரைவது. எனக்கு அதுதான் அதன் பலம். மென்பொருளை யூடியூப் பார்த்துப் பழகலாம். ஒருவர் நடக்கும்போது இடுப்பு எந்தப் பக்கம் சரிகிறது என்பது பார்த்துப் பார்த்து வரைந்தால்தான் கைக்கு வரும். கேரக்டர் அனிமேஷனில் ஆசை உள்ளவர், இங்கே அப்ளைடு ஆர்ட் (விளம்பரம், வடிவமைப்புக்கான ஓவியம்) எடுத்துக்கொண்டு இரவில் ப்ளெண்டர் பழகினால், செலவழித்த ரூபாய்க்கு இதைவிட அதிகம் வேறெங்கும் கிடைக்காது.

ஊரைவிட்டுப் போகத் தயார் என்றால் மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி.யைப் பாருங்கள். 1969-இல் தொடங்கிய வடிவமைப்புப் பள்ளி, பி.டெஸ். (வடிவமைப்பு இளங்கலை) 2015 முதல். நுழைவு யூசீட் தேர்வு வழியாக. ஜே.இ.இ. தேவையில்லை, காமர்ஸ், ஆர்ட்ஸ் பிள்ளைகளும் எழுதலாம், வரையும் கேள்வியும் உண்டு. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த வீடுகளுக்கும் சலுகை உண்டு. கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைப்பதுதான் கஷ்டம், இடங்கள் அவ்வளவு குறைவு.

(பெங்களூரில் என்.ஐ.டி. (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) இருக்கிறதே என்பார்கள். இங்குள்ள வளாகத்தில் முதுகலை மட்டும்தான்.)

மிச்சம், தெருவுக்குத் தெரு போர்டு வைத்திருக்கும் அனிமேஷன் பயிற்சி மையங்கள். "டிகிரியும் உண்டு சார்" என்பார்கள். யாருடைய டிகிரி என்று கேளுங்கள். வெளிமாநிலப் பல்கலை ஒன்றின் பெயரைச் சொன்னால், பயிற்சி மையத்துக்கு இப்படி உரிமம் கொடுத்துப் பட்டம் நடத்துவதை யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள். தொலைநிலைப் படிப்பென்றால் பல்கலையும் அந்தப் படிப்பும் யு.ஜி.சி. பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அதே பணத்துக்கு, நகரப் பல்கலைகளின் கீழுள்ள சாதாரணக் கல்லூரியில் மூன்றாண்டு பி.எஸ்சி. அனிமேஷன் மேல். அங்கும் பாடம் எடுப்பவர் கல்லூரி ஆசிரியரா, வெளி மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வருபவரா என்று விசாரியுங்கள். இறுதியாண்டு மாணவர்களின் ஷோரீலை (செய்த வேலைகளின் வீடியோத் தொகுப்பு) கேளுங்கள்; காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒன்று: தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் கர்நாடக ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பெங்களூர் பக்கம் என்பதற்காக மட்டும் இங்கே வராமல், சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியின் அனிமேஷன், வி.எஃப்.எக்ஸ் பி.வி.ஏ.வுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள்.