கூலியா, சதுர அடியா, சதவீதமா? சென்னையில் சிறிய அளவில் வீடு கட்டித் தருபவரின் கணக்கு

“சதுர அடி என்ன விலை?” சென்னையில் வீடு கட்டித் தருபவர்களிடம் முதலில் கேட்கப்படுவது இதுதான். மனை எங்கே இருக்கிறது, மண் எப்படிப்பட்டது, லாரி உள்ளே வருமா என்பதெல்லாம் பிறகுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. நாலு பேரிடம் விசாரித்து ஒப்பிட அவருக்கு ஓர் எண் வேண்டும். ஆனால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று வீடு கட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு, ஒப்பந்தத்தை எந்த முறையில் எழுதுகிறோம் என்பதுதான் லாபத்தைத் தீர்மானிக்கிறது. நடைமுறையில் இருப்பவை மூன்று: வெறும் கூலி, பொருளோடு சதுர அடி விலை, செலவின் மேல் சதவீதம்.

கூலி ஒப்பந்தத்தில் கையிலிருந்து முதல் போட வேண்டாம். சிமென்ட், கம்பி, எம்சாண்ட் (பாறையை நொறுக்கிச் செய்த மணல்), ஜல்லி எல்லாம் வீட்டுக்காரர் இறக்கிவிடுவார். மேஸ்திரி, கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் ஆகியோர் மட்டும் நம் பொறுப்பு. தனி வீடாக, ஒரே குடும்பத்துக்கான வீடாக இருந்தால், பொருள் கலக்காத கூலி வேலைக்கு ஜிஎஸ்டி விலக்கும் உண்டு. மாடியில் வாடகைக்கென்று தனி போர்ஷன் சேர்த்தால் அந்த விலக்கு கேள்விக்குள்ளாகும். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஆறு கொத்தனார்கள் வந்து நிற்கும்போதுதான் சங்கடம் தொடங்கும். செங்கல் வரவில்லை. வீட்டுக்காரர் அலுவலகத்தில் இருக்கிறார், தொலைபேசியை எடுக்கவில்லை. அன்றைய கூலி யார் தலையில்? ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஆனால் சனிக்கிழமை பட்டுவாடா நிற்காது. அன்று மாலை கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை அந்த ஆட்கள் வேறு சைட்டில் இருப்பார்கள்.

பொருளின் தரமும் நம் கையில் இல்லை. விலை குறைவு என்று தூசி நிறைந்த எம்சாண்டை இறக்கிவிட்டு, பூச்சில் மயிரிழை போல் விரிசல் விழுந்ததும் கொத்தனார் சரியில்லை என்பார்கள். கண்ணாடி டம்ளரில் பாதி மணலும் மீதி தண்ணீருமாக விட்டுக் குலுக்கி, சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் மாவு போல் தடித்த அடுக்கு படிந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புவதே சரி. கூலி ஒப்பந்தக்காரர் இதைச் சொல்லலாம்; அனுப்பும் அதிகாரம் அவருக்கு இல்லை.

பொருளோடு சதுர அடி என்றால் அந்த அதிகாரம் நமக்கு வருகிறது. லாபமும் இதில்தான் அதிகம், அடி விழுந்தால் பலமாக விழுவதும் இதில்தான். ஒரு கணக்குக்கு 1,200 சதுர அடி, 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5,40,000 ரூபாய். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பதால், ஒரே வீட்டில் எல்லையைக் கடந்துவிடுகிறோம். சிமென்டுக்கும் கம்பிக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் வாங்கிய செங்கல்லுக்குக் கழிக்க எதுவும் இல்லை. விலைப்பட்டியல் கொடுக்கும்போதே வரி தனி என்று எழுதாதவர், தன் லாபத்திலிருந்துதான் அதைக் கட்டுகிறார்.

விலை ஏற்ற இறக்கமும் நம்முடையதே. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதும் பேசிய விலையைக் குறைக்கச் சொல்பவர்கள், கம்பி விலை ஏறும்போது “பேசியது பேசியதுதானே” என்பார்கள். கம்பிக்கு மட்டுமாவது அடிப்படை விலை ஒன்றை எழுதி, அதற்கு மேல் ஏறினால் கூடுதல் செலவு வீட்டுக்காரருக்கு, இறங்கினால் மிச்சமும் அவருக்கே என்று வைத்துவிட்டால் இந்த வழக்கு எழாது.

எதைச் சதுர அடியில் சேர்ப்பது என்பது அடுத்த தகராறு. மாடிப்படியின் ஹெட்ரூம் (படிக்கு மேல் மூடும் அறை), போர்டிகோ, சன்ஷேட், கைப்பிடிச் சுவர் ஒவ்வொன்றும் பேச்சில் நழுவிவிடும். சம்ப்பையும் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) செப்டிக் டேங்கையும் லிட்டர் கணக்கிலும், காம்பவுண்டுச் சுவரை நீள அடியிலும் தனியாக எழுதுவதே இங்குள்ள வழக்கம். அதை விட்டவர் கடைசி பில்லில் அழுவார்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், அதாவது மண்ணுக்கடியில் இருக்கிறது. பல்லாவரம் பக்கம் தோண்டினால் பாறை தட்டும். உடைக்க பிரேக்கர் வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் களிமண். பில்லருக்குச் சாதாரண அடித்தளம் போதாமல், பைல் (ஆழமாக இறக்கும் காங்கிரீட் தூண்) போட வேண்டிவரலாம். அக்டோபரில் கடைக்கால் தோண்டினால், டிசம்பர் வரை குழியில் தண்ணீர் ஊறும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். இவ்வளவு வேறுபாட்டையும் ஒரே சதுர அடி விலைக்குள் அடைப்பது சூதாட்டம். மண் பரிசோதனை செய்யாத மனைக்கு முழு விலை சொல்வதை நிறுத்திவிடுங்கள் என்பேன். பேஸ்மென்ட் மட்டம், அதாவது வீட்டின் தரை மட்டம் வரை அளந்து விலை: தோண்டிய மண் இத்தனை கன அடி, காங்கிரீட் இத்தனை, கம்பி இத்தனை கிலோ. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, கட்டிய கம்பியின் நீளத்தை அளந்து வீட்டுக்காரரே சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேலே சதுர அடி விலை. தரைக்கு மேல் எழும்பும் வீட்டில் எதிர்பாராதது குறைவு. அங்கே ஒரே விலை இருவருக்கும் நியாயம். இப்படிப் பிரித்துச் சொன்னால் சில வாடிக்கையாளர்கள் விலகிப் போவார்கள். போகட்டும்.

சதவீத முறையில் பில்லின் மேல் பத்து, பன்னிரண்டு என்று மேற்பார்வைக் கூலி. செலவு கூடக்கூட நம் வரவும் கூடும் என்பதால், வாங்கும் ஒவ்வொரு மூட்டையையும் சந்தேகக் கண்ணோடு பார்ப்பார்கள். அது தவறும் இல்லை. புது வீட்டுக்கு இது வேண்டாம்.

ஆனால் மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கு இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மரத் துலாங்களின் (உத்திரங்களின்) மேல் செங்கல்லைக் குத்திட்டுச் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் கூரை அங்கே இருக்கும். கீழிருந்து பார்த்தால் துலாம் திடமாகத்தான் தெரியும். சுவருக்குள் புகுந்திருக்கும் நுனி உளுத்திருக்கிறதா என்பது உடைத்த பிறகே புலப்படும். உடைக்கும் முன் யார் விலை சொன்னாலும் அது ஊகம். மொத்தச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் தொட்டதும் வேலையை நிறுத்திப் பேசுவது என்று எழுதிக்கொண்டால் வீட்டுக்காரருக்கும் பயம் குறையும்.

மொட்டை மாடியில் மரத்தளம், பெர்கோலா (தூண்களின் மேல் கட்டை பரப்பிய நிழல் பந்தல்) போன்ற சிறு வேலைகள் இப்போது நன்றாக வருகின்றன. அடியில் மண் இல்லை, அளவு கண்ணெதிரே இருக்கிறது. தயங்காமல் பொருளோடு சதுர அடி விலை சொல்லலாம், பொருளுக்கான பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு. கடற்கரைப் பக்கம் என்றால் எஃகுத் திருகாணி துருப்பிடிக்காத ரகம்தானா என்று பாருங்கள். மரத்தளத்தைத் தாங்கும் சட்டத்தை மாடித் தளத்தில் துளையிட்டுப் பொருத்தாமல், கால்களின் மேல் நிற்க வையுங்கள். மாடியில் தட்டை ஓடு பதித்த தளத்தைத் துளைத்துவிட்டால், அடுத்த மழையில் கீழ்வீட்டில் ஒழுகும் ஒவ்வொரு சொட்டுக்கும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போட்டிருக்க மாட்டீர்கள்.