லென்ஸுக்கு ஒரு வெள்ளெழுத்துக் கண்ணாடி

தோட்டத்துக் குளத்தில் ஊசித்தட்டான்களைப் படமெடுக்கத்தான் இதை வாங்கினேன். பூவும் நாணயமும் எடுப்பவர்கள் என் புலம்பலில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டுப் படிக்கலாம்.

பொருள் இதுதான்: டெலிஸூம் லென்ஸின் முன்னால் கவ்விக்கொள்ளும் குளோசப் லென்ஸ், 4.8 டயாப்டர். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்குச் சொல்கிறோமே பவர், அதே கணக்கு. ஆனால் ஒற்றைக் கண்ணாடி இல்லை. நிறம் பிரியாமல் இருக்க ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்தது. முன்பு ஒற்றைக் கண்ணாடி வகை ஒன்று வைத்திருந்தேன். இறக்கை நரம்பு ஒவ்வொன்றும் ஊதாவும் பச்சையுமாகக் கரை போட்டுக்கொண்டு நின்றது.

அப்புறம் 50 மி.மீ. லென்ஸில் எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) போட்டுப் பார்த்தேன். பெருக்கம் கிடைத்தது, பூச்சி கிடைக்கவில்லை. நிஜ அளவுக்கு, அதாவது சென்சாரில் விழும் உருவம் பூச்சியின் அளவே இருக்கும்படி, போனால் லென்ஸின் மூக்கு அதன் மீசையைத் தொடாத குறைதான். என் நிழல் விழுந்ததும் அக்கரைக்குப் பறக்கும். நான் சுற்றிக்கொண்டு போனால் இக்கரைக்கு வந்துவிடும். ஒரு காலை முழுக்க இந்த ஆட்டம்தான்.

இந்தக் குளோசப் லென்ஸை மாட்டி, டெலிஸூமின் ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (வெகுதொலைவுக்கான இடத்தில்) வைத்தால் சுமார் 21 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் விழுகிறது. ஒரு சாண். அந்த ஒரு சாணுக்காகவே இதை வாங்கலாம். ஸூம் 200 மி.மீ.யில் இருந்தால் கிட்டத்தட்ட நிஜ அளவு வருகிறது. 300-இல் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு மிகவும் பிடித்தது, ஸூமைத் திருப்பினாலும் தூரம் மாறாமல் அளவு மட்டும் மாறுவது. 100 மி.மீ.யில் முழு உடலும் சட்டத்துக்குள் அடங்கும். இருந்த இடத்திலிருந்தே திருப்பினால் முகம் மட்டும். கால் நகராததால் பூச்சியும் நகர்வதில்லை.

விடியற்காலையில் பனி காயும் முன் போக வேண்டும். உடம்பு சூடேறாததால் சட்டென்று பறக்காது. அதற்குப் பதிலாகக் கோரைத்தண்டின் மறுபக்கம் நழுவி ஒளிந்துகொள்ளும். ஆனால் கண்கள் இரண்டும் தலையின் இரு ஓரத்தில் தள்ளித் தள்ளி இருப்பதால் தண்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று எனத் துருத்திக்கொண்டு தெரியும். ஒளிந்திருப்பதாக அதற்கு நினைப்பு! நான் இடது பக்கம் சாய்ந்தால் அது வலது பக்கம் நகர்கிறது. அந்த இரண்டு கண்களும் ஒரே கூர்மையில் விழுந்த படம்தான் இதுவரை எடுத்ததில் எனக்குப் பிடித்தது. அதே தண்டில் சற்றுக் கீழே கழற்றிப்போட்ட தோல் ஒன்று ஒட்டியிருந்தது. முதுகு பிளந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின. மூச்சுக்குழாயின் உட்தோல் அது. வெறுங்கண்ணுக்குத் தூசிபோலத்தான் தெரியும்.

இனி குறைகள். ஃபோகஸ் ஆழம், அதாவது கூர்மையாக விழும் தடிமன், நிஜ அளவில் லென்ஸின் துவாரத்தை எஃப்/11-க்குச் சுருக்கி வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். அதை அணைத்துவிட்டு உடம்பையே லேசாக முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். பூச்சியின் உடல் கேமராவுக்கு இணையாக இல்லாவிட்டால் தலை கிடைக்கும், வால் பஞ்சாகிவிடும். இதற்கு லென்ஸைத் திட்ட முடியாது. ஸூமின் அகலப் பக்கம் (மி.மீ. குறையும் பக்கம்) போனால் மூலைகள் இருட்டாகின்றன. அங்கே போக அவசியமே இல்லை.

திட்ட வேண்டியது கிளிப்பைத்தான். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் பற்கள், லென்ஸின் முன்விளிம்பில் ஃபில்டர் திருகும் மரையில் போய்க் கவ்வுகின்றன. வீட்டுக்குள் சரிதான். குளத்தின் மேல் குனிந்தபோது சட்டைக் கை பட்டது, டுபுக். முழங்கை வரை பாசிக்குள் விட்டுத் துழாவி எடுத்தேன். கீறல் இல்லை, அந்த விஷயத்தில் உறுதியான கண்ணாடிதான். அன்றே கிளிப்பைக் கழற்றிவிட்டு, அளவு மாற்றும் வளையம் ஒன்று வாங்கித் திருகி மாட்டிவிட்டேன். பிறகு அசையவில்லை. வாங்குபவர்கள் வளையத்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

துழாவக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த மூடியும் விழுந்தது. அது இன்னும் குளத்துக்குள்தான்.