சிதம்பரமா, விருத்தாசலமா, பாகூரா? சிற்பம் பார்க்க ஒரு நாள்

கடலூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வெளியூர் உறவினர் வந்தால் மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை, மறுநாள் சிதம்பரம். வந்தவர் சாமி கும்பிடப் போகிறவர் என்றால் இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "பழைய சிற்பங்களைப் பார்க்க வேண்டும், ஒரு நாள்தான் கையில் இருக்கிறது" என்று சொல்பவராக இருந்தால் மட்டும் நான் சற்று யோசிப்பேன். தெற்கே சிதம்பரம், சுமார் 45 கிலோமீட்டர். மேற்கே விருத்தாசலம், ஏறத்தாழ 60. வடக்கே புதுச்சேரி எல்லையைத் தாண்டியதும் பாகூர், அரை மணி நேரப் பயணம். நேரம் மிஞ்சினால் அப்படியே திருபுவனை.

பழைமையையோ தலபுராணத்தையோ வைத்து ஒப்பிட்டால் வழக்கு தீராது. எந்த ஊர்க்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார். நான் கேட்பது மூன்றே கேள்விகள். சிற்பம் கண்ணுக்கு எட்டுகிறதா? அதன்மேல் வெளிச்சம் விழுகிறதா? நின்று பார்க்க முடிகிறதா?

சரக்கு என்று பார்த்தால் சிதம்பரத்துக்கு நிகர் கிடையாது. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் பரதர் சொல்லும் 108 கரணங்களை, அதாவது கையும் காலும் இணைந்த நடன நிலைகளை, ஒன்று விடாமல் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்குரிய சுலோகத்தைக் கிரந்த எழுத்தில் பொறித்தும் இருக்கிறார்கள். நூலும் படமும் ஒரே சுவரில். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் சிவபெருமானே ஆடுவதாகக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி, 81 முடித்து, 27 கற்களை வெறுமனே விட்டுவிட்டார்கள். அந்தத் தளத்துக்குப் பொதுமக்கள் போகவும் முடியாது. சிதம்பரத்தில் ஆடுபவர்கள் பெண்கள். பக்கத்தில் சிறிய உருவங்களாகத் தாளமும் முழவும் இசைப்பவர்கள். யார் வேண்டுமானாலும் அவற்றைக் கடந்து போகலாம்.

கடந்து போகலாம் என்பதில்தான் சிக்கல். அது கோயிலுக்குள் போகும் வழி. நூறு பேர் உள்ளே போகிறார்கள், நூறு பேர் வெளியே வருகிறார்கள், நடுவில் நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். சிற்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையிலிருந்து மேற்கூரை வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்வரிசைகள் கண்ணுக்கு நேராக இருக்கும். மேல்வரிசைகளைப் பார்ப்பதற்குள் கழுத்து வலி வந்துவிடும். வாயிலுக்குள் வெளிச்சமும் குறைவு. இதற்கு ஒரே மருந்து நேரம். கிழக்குக் கோபுரத்துக்குக் காலையில், வெயில் தாழ்வாக உள்ளே நுழையும்போதே போய்விட வேண்டும். மேற்குக் கோபுரத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பகலில் போனால் கண்ணுக்குக் கறுத்த கல்தான் தெரியும், நடையும் சாத்தியிருப்பார்கள்.

மொத்தம் 108-ஐயும் பார்த்துவிடுவேன் என்று கிளம்புவது வீம்பு. முதல் கரணமான தலபுஷ்பபுடத்தைத் தேடிப் பிடியுங்கள்: இரு கைகளையும் குவித்து மலர் தூவும் நிலை. பிறகு கால் நெற்றிவரை உயரும் லலாடதிலகம். இந்த இரண்டையும் அடையாளம் கண்டுவிட்டால் நடுவில் இருப்பவை தாமாகவே பேசத் தொடங்கும்.

வடக்குக் கோபுரத்தை அவசரக்காரர்கள் விட்டுவிடுவார்கள், விடக் கூடாது. கலிங்கப் போர் வெற்றிக்குப் பிறகு 1516-ஐ ஒட்டிக் கிருஷ்ணதேவராயர் எழுப்பி முடித்தது அது. அவருடைய உருவம் ஒரு மாடத்தில் கைகூப்பி நிற்கிறது. எல்லோரும் ராயரைத் தேடுகிறார்கள். எனக்குப் பிடித்தவர்கள் அதே கோபுரத்தில் பெயர்ப் பொறிப்போடு இருக்கும் சிற்பிகள். அவர்களில் ஒருவர் விருத்தகிரிக்காரர், அதாவது இன்றைய விருத்தாசலம். அரசனின் சிலை ஊருக்கு ஊர் கிடைக்கும். கட்டியவனின் பெயரும் முகமும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

கோயிலுக்கு உள்ளேயும் பார்க்க நிறைய உண்டு. சக்கரங்களும் குதிரைகளும் பூட்டிய தேர் போன்ற நிருத்தசபை, அதன் தூண்களில் பொடிப்பொடியாகச் செதுக்கிய உருவங்கள். சிவகாமி அம்மன் சன்னிதியின் முன்மண்டப விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள். அந்தத் திருச்சுற்றின் அடித்தளத்தில் ஆடுவோரும் வாசிப்போருமாக ஒரு நீண்ட வரிசை. கூட்டத்தில் பெரும்பாலோர் நடராசர் இருக்கும் சித்சபையை நோக்கிப் போய்விடுவதால் அம்மன் சன்னிதிப் பக்கம் சற்று மூச்சுவிடலாம். உள்ளே படம் எடுக்கத் தடை இருக்கிறது. கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டால் கண் வேலை செய்யும் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் சிற்பம் பார்க்கப் போகாதீர்கள். அந்த நாட்கள் கூத்தனுக்கு உரியவை.

ஆகச் சிதம்பரத்துக்கு என் மதிப்பெண்: கண்ணுக்குப் பாதி எட்டும், வெளிச்சம் நேரத்தைப் பொறுத்தது, நிற்க இடம் குறைவு. என் மைத்துனர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "கொத்சு கிடைக்கிறதே" என்பது அவர் கட்சி. அதை மறுக்க எனக்கும் வழியில்லை.

விருத்தாசலத்துக்குக் கடலூர் துறைமுகச் சந்திப்பு ரயில் நிலையத்திலிருந்து நெய்வேலி வழியாக ரயில் இருக்கிறது. வடலூர் வழியாக பஸ்ஸும் உண்டு. திருமுதுகுன்றம் என்று தேவாரம் பாடும் ஊர் இதுதான். உத்தம சோழனின் தாயான செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் விருத்தகிரீசுவரர் கோயிலைக் கல்லால் எடுப்பித்தார். அந்த அம்மையார் கைவைத்த கோயில்களில் கருவறைச் சுவர் மாடங்களில் தெய்வ உருவங்கள் தாராளமாக இருக்கும். மெலிந்த உடல், அடக்கமான அணிகலன், நிதானமான முகம். இங்கும் சுவரை ஒட்டிச் சுற்றி வாருங்கள்.

கோபுர வாயில்களில் இங்கும் கரணச் சிற்பங்கள் உண்டு. பலருக்கு இது தெரியாது. சிதம்பரத்தின் ஒழுங்கை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். செதுக்கலிலும் சிதம்பரத்தின் நுணுக்கம் சற்றுக் குறையும் என்பது என் எண்ணம். ஆனால் மாசி மகத்தைத் தவிர்த்துவிட்டுப் போனால் வாயிலில் அரை மணி நேரம் நின்றாலும் யாரும் "நகருங்கள்" என்று சொல்வதில்லை. சிதம்பரத்தில் கற்ற பாடத்தை இங்கே வந்து ஒப்பித்துப் பார்க்கலாம். அதனால்தான் விருத்தாசலத்தை முதல் பயணமாக நான் சொல்வதில்லை. சிதம்பரம் பார்த்தவர்களுக்கு அடுத்த பயணமாகச் சொல்வேன்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. படிகளில் இறங்கிப் போய்ப் பார்க்கும் ஆழத்துப் பிள்ளையார் அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வார். கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாற்றைக் காட்டி, சுந்தரர் இங்கே ஆற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்த கதையைச் சொன்னால் இன்னும் ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

புதுச்சேரி நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுத் தெருக்கள் அழகானவை. ஆனால் அங்கே பார்ப்பது வீடுகளின் அழகு, இந்தப் போட்டியில் அதற்கு இடமில்லை. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் மட்டும் விலக்கு. செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்ட தூண்கள் அவை. காலை வெயிலில், கண் உயரத்தில், காசில்லாமல் பார்க்கலாம். ஆயிரம் பேர் அவற்றில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனி பாகூர். கடலூர் – புதுச்சேரி சாலையில் கன்னியக்கோயிலில் திரும்பினால் வயலும் ஏரியுமாக ஊர் வந்துவிடும். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இந்த ஊரில் ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விக்கூடம், இருந்தது. அதற்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தியைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. மூலநாதர் கோயில் முற்காலச் சோழர் கலை. சுவரெங்கும் கல்வெட்டுகள், சோழர் பெயர்களோடு, "கச்சியும் தஞ்சையும் கொண்ட" கன்னரதேவன் என்று ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் பெயரும் உண்டு. 949-இல் தக்கோலத்தில் சோழர் தோற்றதைப் பாடமாகப் படித்தவர்கள், தோற்கடித்தவனின் ஆணை நம் பக்கத்து ஊர்ச் சுவரிலேயே இருப்பதைப் பார்க்கலாம்.

சிற்பங்களின் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் என் மூன்று கேள்விகளுக்கும் முழு மதிப்பெண் வாங்குவது இந்தக் கோயில். விமானம் உயரமில்லை, திருச்சுற்று திறந்தவெளி, தெற்கே தட்சிணாமூர்த்தியும் வடக்கே பிரம்மாவும் ஏறக்குறைய நம் முகத்துக்கு நேரே. வார நாளில் போனால் உங்களையும் அர்ச்சகரையும் தவிர ஆள் இருக்காது. உளியின் போக்கு, துணி மடிப்பு, உதட்டோரத்துச் சிரிப்பு, எல்லாம் தெரியும். சிற்பம் என்றால் என்ன என்றே தெரியாத ஒருவரை முதலில் எங்கே அழைத்துப் போவாய் என்று கேட்டால் நான் இங்கேதான் அழைத்து வருவேன். மைத்துனருக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. பாகூரில் சாப்பிட நல்ல கடை எங்கே என்று கேட்கிறார். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதே நல்லது.

பிற்பகலில் புதுச்சேரி – விழுப்புரம் சாலைக்குப் போய்த் திருபுவனை வரதராசப் பெருமாளைப் பாருங்கள். பராந்தகச் சோழன் காலக் கோயில். இந்த ஊர்க் கல்வெட்டு ஒன்று, 1048-இல் இங்கிருந்த கல்விக்கூடத்தில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறது. கோயிலின் அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகளும் கண்ணன் கதைகளும் உள்ளங்கை அகலச் சட்டங்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. நின்றபடி பார்த்தால் ஒன்றும் புரியாது. குந்தி உட்கார்ந்து சுவரோடு நகர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு சிறு மணையை எடுத்துப் போகலாம், நான் கேலி செய்யவில்லை. நடை நாலு மணிக்கு மேல்தான் திறக்கும் என்றாலும் சாய்ந்த வெயில் அந்த நேரத்துக்கு மேற்குப் பக்கச் சட்டங்களில் விழும். அதற்கேற்ப, தெற்குப் பக்கத்தில் தொடங்கி மேற்குக்கு வந்து சேருங்கள்.