நாகை–காங்கேசன்துறை கப்பல்: கார்த்திகையிலா, மாசியிலா?

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கடல்வழி சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் போவதானால் திரும்பும் நாளை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளித்தால் சேவையை நிறுத்திவிடுவார்கள். கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16-ல், அதாவது இதே பருவத்தில்தான். துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் புயல் சின்னம் தூரத்தில் இருக்கிறது. மூன்றாம் எண் ஏறினால் பலத்த காற்று துறைமுகத்துக்கே வரக்கூடும், அன்றைய பயணத்தை மறந்துவிடுங்கள். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் தங்கும் செலவும் விமானச் செலவும் நம் தலையில்தான். இரண்டு நாள் உபரி விடுங்கள். விசாவிலும் நாள் மிச்சம் இருக்கட்டும்.

மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும். சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் இருக்கும். குழந்தைகள், பெரியவர்களோடு என்றால் மாசிதான். எப்போது போனாலும் வாந்தி மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு அரை மணி முன்பே போடுங்கள். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் வயிற்றில் தங்காது.