அதிகம் ஓடாத யமஹா ஒய்இசட் 250 எக்ஸ்: வாங்கியதும் எனக்கேற்பத் தயார்செய்ததும்

முதல் உரிமையாளர் கொஞ்சமே ஓட்டிவிட்டு விற்ற யமஹா ஒய்இசட் 250 எக்ஸ் வண்டி ஒன்றை வாங்கினேன். மேடும் பள்ளமும் கல்லும் வேரும் நிறைந்த பாதைக்கு இதைவிட நிறைவான டூ ஸ்ட்ரோக் வண்டியை நான் ஓட்டியதில்லை. ஆனால் வாங்கிய நிலையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டேன். அதனால் வண்டியைப் பற்றி மட்டுமல்லாமல், பார்த்து வாங்கிய விதத்தையும் அதை என் உடம்புக்கு ஏற்ற வண்டியாக மாற்றிய வேலைகளையும் சேர்த்தே சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புது வண்டிக்குப் பதில் இப்படி வாங்குவதில் மிச்சமாகும் பணத்தைச் சைலன்சர் மாற்றுவதில் செலவழிக்காதீர்கள், சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மாற்றுவதில் செலவழியுங்கள்.

ஒய்இசட் 250 மோட்டோகிராஸ் எனப்படும் மண்தடப் பந்தய வண்டியாக 1974 முதல் வந்துகொண்டிருக்கிறது. நீண்ட தூரக் காட்டுப் பந்தயங்களுக்காக அதிலிருந்து பிறந்த எக்ஸ் வகை 2016ஆம் ஆண்டு மாடலாக அறிமுகமானது. அதே 249 சிசி எஞ்சின்தான், ஆனால் அழுத்த விகிதத்தைக் குறைத்து, சக்தி மெதுவாக எழும்படி செய்திருக்கிறார்கள். ஐந்து கியர்களுக்கும் இடையே இடைவெளி அதிகம். பின்சக்கரம் 19 அங்குலத்துக்குப் பதில் 18 அங்குலம். டயரின் பக்கச்சுவர் உயரமாவதால் கல்லில் இடிக்கும்போது ரிம் அவ்வளவு எளிதில் நெளியாது. ஹோண்டா தன் 250 டூ ஸ்ட்ரோக்கை 2007ஆம் ஆண்டு மாடலோடு நிறுத்திவிட்டது. கேடிஎம் தன் டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ வண்டிகளை 2018 மாடல் முதல் ஃபியூயல் இன்ஜெக்ஷனுக்கு மாற்றத் தொடங்கியது. நான் வாங்கிய வண்டியிலோ 38 மில்லிமீட்டர் கெய்ஹின் கார்புரேட்டர்தான். ஒரு ஸ்க்ரூடிரைவரும் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள சில ஜெட்டுகளும் இருந்தால் வண்டியின் குணத்தை நானே மாற்றிக்கொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இத்தகைய வண்டிகள் அதிகம் ஓடாமலே விற்பனைக்கு வருவதற்குக் காரணம் உண்டு. ஆசையோடு வாங்குகிறவர்களில் பலர் இதன் வேகத்தைக் கண்டு தயங்கிவிடுகிறார்கள், அல்லது ஓட்ட நேரம் கிடைக்காமல் கொட்டகையில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் எவ்வளவு ஓடியது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல் போதாது. மணிக்கணக்கு காட்டும் மீட்டர் இருந்தாலும் அதைக் கழற்றிப் புதியது மாட்ட அதிக நேரம் ஆகாது. வண்டியின் உடம்பிலேயே கணக்கு எழுதியிருக்கும். பூட்ஸ் உரசும் இடத்தில் பிரேமின் மேல்பூச்சு, கால்மிதியின் பற்கள், ஸ்விங் ஆர்ம் மேல் செயின் தேய்ந்து ஓடும் ரப்பர், பின் ஸ்பிராக்கெட்டின் பற்கள், பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் விளிம்பு தட்டுகிறதா என்பது, இவை எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். டயர் மட்டும் புதிதாக இருந்து ஸ்பிராக்கெட் பல் கொக்கிபோல் வளைந்திருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. பிரேம் எண், எஞ்சின் எண், ஆவணம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எந்த வண்டிக்கும் பொருந்தும் என்பதால் அதை விரித்து எழுதவில்லை.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு பெரிய வசதி, பிஸ்டனைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எக்ஸாஸ்ட் குழாயைப் பிடித்திருப்பவை சில ஸ்பிரிங்குகளும் போல்ட்டுகளும்தான். விற்றவர் பெருந்தன்மையானவர், ஸ்பிரிங் இழுக்கும் கொக்கியை அவரே எடுத்துக் கொடுத்தார். குழாயைக் கழற்றிவிட்டு எக்ஸாஸ்ட் வாய்க்குள் டார்ச் அடித்தேன். கிக்கரைக் கையால் மெல்ல அழுத்த, பிஸ்டன் மேலும் கீழும் நகர்ந்தது. அதன் பக்கவாட்டில் கடைசல் இயந்திரம் விட்ட மெல்லிய கிடைக்கோடுகள் அப்படியே இருந்தன. செங்குத்தான கீறல் ஒன்றுகூட இல்லை. இந்தக் கிடைக்கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது என்று பொருள். செங்குத்தாகக் கீறல் இருந்தால் தூசி உள்ளே போயிருக்க வேண்டும், அல்லது ஒரு முறையாவது பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு இறுகிப் பிடித்திருக்க வேண்டும். பிறகு ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, அதற்குப் பின்னால் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் மண் ஒட்டவில்லை. இதைப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.

கியர் ஆயிலும் பேசும். அது பால்போல வெளுத்திருந்தால் கூலன்ட் கலக்கிறது, வாட்டர் பம்ப் சீலைச் சந்தேகிக்க வேண்டும். கியர் ஆயில் குறைந்துகொண்டே வந்து புகையும் அதிகமானால் கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போய்விட்டது. எதிர்ப்பக்கச் சீல் போனால் எஞ்சின் வெளிக்காற்றை இழுக்கும். கலவையில் பெட்ரோல் விகிதம் குறையும். வெப்பம் ஏறிப் பிஸ்டன் பிடிக்கும். என் வண்டியில் இவை எதுவும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பின்சக்கரம், ஸ்விங் ஆர்ம், அதற்குக் கீழே பின் ஷாக்கை இணைக்கும் லிங்க்கேஜ், ஃபோர்க்கைத் தாங்கும் ஸ்டியரிங் பேரிங் எல்லாவற்றையும் கழற்றினேன். முதல் உரிமையாளர் சுத்தத்தில் அக்கறை உள்ளவர், ஒவ்வொரு முறையும் அழுத்தமான நீர்ப்பீய்ச்சியால் கழுவியிருக்கிறார். அந்த நீர் லிங்க்கேஜ் பேரிங்குக்குள் போய், ஊசி உருளைகளில் செந்நிறத் துரு படரத் தொடங்கியிருந்தது. வெளியே பளபளவென்று இருந்த வண்டி! இரண்டு பேரிங்குகளை மாற்றினேன், மற்றவற்றைத் துடைத்து நீர்புகாத கிரீஸ் நிறையப் பூசினேன். வண்டி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் இந்த வேலையை முதலில் செய்யுங்கள். ஸ்போக்குகளையும் விட்டுவிடக் கூடாது. டயரை ரிம்மோடு கவ்வும் ரிம் லாக்குக்குப் பக்கத்து ஸ்போக்கில் தொடங்கி, மூன்றாவது மூன்றாவதாகச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு போனால் ரிம் ஒரு பக்கம் இழுக்காது.

கைப்பிடிகளும் லீவர்களும் நின்று ஓட்டும் நிலைக்கு அமைய வேண்டும். உட்கார்ந்தபடி வசதியாக வைத்துக்கொண்டால் எழுந்து நிற்கும்போது மணிக்கட்டு மடங்கி வலிக்கும். லீவர் பிடிகளுக்கு அடியில் குழாய் வேலைக்குப் பயன்படும் டெஃப்லான் டேப்பைச் சுற்றி அளவாக இறுக்கினேன். விழுந்தால் லீவர் சுழன்று விலகிக்கொள்ளும், உடையாது. ரேடியேட்டர் காப்பு, கை காப்பு, எக்ஸாஸ்ட் குழாயின் வயிற்றுக்குக் காப்பு ஆகிய மூன்றும் மாட்டினேன். அந்தக் குழாய் மெல்லிய தகடு, ஒரு கல் பட்டாலே நெளிந்துவிடும்.

இனி ஸ்பிரிங். ஒய்இசட் வண்டிகளின் பெருமையே கேஒய்பி நிறுவனத்தின் எஸ்எஸ்எஸ் சஸ்பென்ஷன்தான், அந்தப் பெயர் தகுதியானதும்கூட. ஆனால் எந்தச் சஸ்பென்ஷனும் ஓட்டுபவரின் எடைக்குப் பொருந்தினால்தான் தன் திறமையைக் காட்டும். பூட்ஸ், ஹெல்மெட், முதுகில் நீர்ப்பை எல்லாம் சேர்ந்து நான் நூறு கிலோவைத் தாண்டுவேன். வண்டி அதைவிட இலகுவான ஒருவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது.

அளப்பது எளிது, இன்னொருவர் மட்டும் வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரம் தொங்கும் நிலையில் அச்சுக்கும் அதற்கு நேர் மேலே மட்கார்டில் இட்ட குறிக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கீழே இறக்கி, முழு உடுப்போடு ஏறி, சில முறை குதித்து அமர்ந்து, மறுபடி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி நம் எடைக்கு எவ்வளவு அமிழ்கிறது என்பது. பின்சக்கர அசைவு ஏறக்குறைய 315 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 105 அளவில் அமிழ்வது சரி. தம்பி நாடாவைப் பிடித்துக்கொண்டு, "125, அண்ணா" என்றான். பின்புறம் இவ்வளவு அமிழ்ந்தால் முன்சக்கரம் இலகுவாகித் திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு வெளியே ஓடும். முதல் ஓட்டத்தில் நான் உணர்ந்ததும் அதுதான்.

ஸ்பிரிங் மேல் உள்ள வளையத்தை இறுக்கி 105க்குக் கொண்டுவந்தேன். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் இறங்கிய பிறகு, வண்டி தன் சொந்த எடைக்கு எவ்வளவு அமிழ்கிறது என்பதையும் அளந்தோம். 15 மில்லிமீட்டர்தான் வந்தது. 30 முதல் 40 வரை இருக்க வேண்டும். பார்த்தால் ஸ்பிரிங் மிக விறைப்பாக இருப்பதுபோலத் தோன்றும், உண்மை நேர்மாறு. ஸ்பிரிங் எனக்கு மிருதுவாக இருந்ததால்தான் அதை அளவுக்கு மீறி நெருக்க வேண்டியிருந்தது. நெருக்கியதால் ஆள் இல்லாதபோது வண்டி எழும்பி நிற்கிறது. விறைப்பு கூடிய ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டதும் என் எடைக்கு 104, வண்டியின் எடைக்கு 33 என்று அமைந்தது. முன் ஃபோர்க்குக்கும் அதற்கு ஈடான ஸ்பிரிங் போட்டேன். இதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் டாம்பிங் திருகுகளைத் தொட வேண்டும். அவற்றைத் தொழிற்சாலை அளவிலிருந்து ஓரிரு கிளிக் மட்டுமே மாற்றினேன். வேர்களின் மேல் துள்ளிக்கொண்டிருந்த வண்டி இப்போது அவற்றைத் தடவிக்கொண்டு போகிறது. எஞ்சினுக்குச் செய்யும் எந்தச் செலவும் இவ்வளவு வித்தியாசத்தைத் தராது என்று உறுதியாகச் சொல்வேன்.

கார்புரேட்டருக்கு வருவோம். முதல் உரிமையாளர் குளிர்காலத்தில் ஓட்டியவர். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதற்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். வெயிலிலும் உயரமான இடத்திலும் குறைவாக வேண்டும். வெயிலில் நான் எடுத்தபோது கால் பங்கு ஆக்சிலேட்டரில் எஞ்சின் தடுமாறியது, சைலன்சர் இணைப்பில் கரிய எண்ணெய் வழிந்தது, பிளக் ஈரமாகக் கறுத்திருந்தது. ஆக்சிலேட்டரின் முதல் கால் பங்கைப் பைலட் ஜெட்டும், நடுப்பகுதியை ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியான நீடிலும், கடைசிக் கால் பங்கை மெயின் ஜெட்டும் ஆள்கின்றன என்று தோராயமாகப் புரிந்துகொண்டால் எதைத் தொடுவது என்ற குழப்பம் வராது.

எஞ்சின் நன்றாகச் சூடேறியபின் காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மெல்ல வெளியே திருப்பிக்கொண்டே வந்து, எந்த இடத்தில் ஐட்லிங் மிக உயர்கிறது என்று கேட்க வேண்டும். அது ஒன்று முதல் இரண்டரைச் சுற்றுக்குள் அமைந்தால் பைலட் ஜெட் சரி. இரண்டரையைத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் சிறிய ஜெட் வேண்டும்; ஒரு சுற்றுக்குள்ளேயே நின்றுவிட்டால் பெரியது வேண்டும். எனக்கு ஒரு அளவு சிறியது தேவைப்பட்டது. நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினேன். அதனால் நீடில் கீழிறங்கி, பெட்ரோல் குறைந்து கலவை மெலிந்தது. தடுமாற்றம் போய்விட்டது. மெயின் ஜெட்டை மாற்றவில்லை, ஏனென்றால் முழு ஆக்சிலேட்டரில் கலவை மெலிவதுதான் பிஸ்டனைக் கொல்லும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கினாலோ, பிளக் வெளுத்திருந்தாலோ உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

எண்ணெய்க் கலவைக்கு யமஹா சொல்லும் விகிதம் 30க்கு 1, அதாவது 6 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி டூ டி ஆயில். நான் அப்படியே கலக்கிறேன். புகையைக் குறைக்க எண்ணெயைக் குறைக்கிறவர்கள் உண்டு. புகைக்கு மருந்து சரியான ஜெட்தான். எண்ணெய் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறையும் என்பதால், விகிதத்தை மாற்றினால் ஜெட்டையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஓட்டத்தைப் பற்றி. எல்லாத் திரவங்களோடும் 104 கிலோ அளவில்தான் எடை, செங்குத்தான ஏற்றத்தில் வழுக்கி நின்றாலும் தனியாகவே திருப்பி நிறுத்த முடிகிறது. கீழ் வேகத்தில் சாந்தமாக ஏறுகிறது. நடுவில் எக்ஸாஸ்ட் வாயை எஞ்சின் வேகத்துக்கேற்ப மாற்றும் பவர் வால்வ் திறந்ததும் ஒரு வேகம் வரும், அப்போது கைப்பிடியை இறுகப் பற்றியிருக்க வேண்டும். எஞ்சின் பிரேக்கிங் ஏறக்குறைய இல்லை, இறக்கத்தில் எல்லாம் பிரேக்கின் பொறுப்பு. நீண்ட இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோலோடு வரும் எண்ணெயும் எஞ்சினுக்குப் போகாது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாகத் திருகிவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. இருக்கை உயரம், காலூன்றச் சிரமப்படுபவர்கள் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். கிக் ஸ்டார்ட் மட்டும்தான். சரிவில் நின்றுபோனால் காலை வீசி உதைக்க இடம் தேட வேண்டும். விழுந்து பெட்ரோல் நிரம்பிவிட்டால் ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து சில முறை உதைத்து வெளியேற்றிவிட்டு, பிறகு மூடி உதைத்தால் பிடித்துக்கொள்கிறது. விளக்குகள் கிடையாது, இது சாலைக்கான வண்டியும் அல்ல. ஓட்டும் இடம்வரை ஏற்றிக்கொண்டு போக வழி இருப்பவர்களே வாங்க வேண்டும்.

ஸ்பேனர் பிடிப்பதில் விருப்பமுள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பட்டன் அழுத்திப் புறப்பட நினைப்பவர்களுக்கு ஃபியூயல் இன்ஜெக்ஷனும் செல்ஃப் ஸ்டார்ட்டும் உள்ள வேறு டூ ஸ்ட்ரோக்குகள் இருக்கின்றன, அவை அவர்களுக்கு நன்றாகவே பொருந்தும். வாங்குபவர்கள் பிஸ்டன், ரிங், மேல் கேஸ்கெட் ஒரு செட்டும், இரண்டு பிளக்கும், ஓர் உபரி ஏர் ஃபில்டரும் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள்; ஃபில்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழுவி எண்ணெய் தடவிக் காயவைக்க வேண்டியிருக்கும், ஒன்று காயும்போது மற்றது வண்டியில் இருக்கும்.